30 நாள் களப்பணியை எடுத்துவிடாதீர்கள்

பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வரும் கல்வியாண்டிலிருந்து முதுகலை மாணவர்களுக்கு 30 நாள் கிராமத் தங்கல் கட்டாயம் இல்லை, கூகுள் படிவம் அனுப்பி 100 பேரிடம் பதில் வாங்கி அறிக்கை கொடுத்தால் போதும் என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவைப் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பகிர்ந்திருந்தார். இரண்டு முறை படித்தேன். செலவு, மாணவிகளின் பாதுகாப்பு, பருவத் தேர்வுக்கு நாள் போதாமை என்று மூன்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் உண்மையான சிரமங்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிவு தவறு. இதே துறையில் மானிடவியல் படித்து, அந்த 30 நாளில் கற்றதை வைத்து 11 வருடமாகக் கள ஆய்வு வேலை பார்க்கிறவள் நான். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

2013 ஜனவரி. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டு ஊருக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். தானே புயல் அடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் அடித்த காற்றில் விழுந்த முந்திரி மரங்களின் வேர்க்கட்டைகள் அப்போதும் காட்டில் கிடந்தன, பலாவும் போயிருந்தது. ஊரில் எதைப் பேசினாலும் தானேக்கு முன்னாடி, தானேக்கு அப்புறம் என்றுதான் பேசுவார்கள். நாங்கள் 14 பேர், அதில் 9 பேர் பெண்கள். சமுதாயக் கூடத்தில் தங்கி நாங்களே சமைத்துச் சாப்பிட்டோம், எங்களைக் கூட்டி வந்த ஆசிரியை மேடமும் எங்களோடு அதே கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்.

இரண்டாம் நாள் ஒரு வீட்டில் வினாப்பட்டியலோடு உட்கார்ந்தேன். தொழில் என்ற கட்டம் வந்தது. "என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டேன். "வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல பாப்பா, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றார். இல்லத்தரசி என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒவ்வொருவரும் அன்றைய குறிப்பைப் படித்துக் காட்ட வேண்டும். நான் படித்து முடித்ததும் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த அம்மாவோட கை எப்படி இருந்தது?" நான் கையைப் பார்க்கவே இல்லை. அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்து தாளைப் பார்த்துப் பேசியிருக்கிறேன்.

மறுநாள் விடிகாலையில் போனேன். தாழ்வாரத்தில் முந்திரிக்கொட்டை குவித்துக் கிடந்தது. முன்னால் ஒரு கல், கையில் ஒரு கட்டை, பக்கத்தில் ஒரு சட்டியில் சாம்பல். கொட்டையை நிறுத்தி வைத்து ஒரே தட்டு, ஓடு பிளந்து பருப்பு முழுசாக வெளியே வருகிறது, கை மறுபடி சாம்பலுக்குப் போகிறது. கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும், அதற்குத்தான் சாம்பல். இரண்டு உள்ளங்கையும் கறுத்து, விரல் நுனியில் தோல் உரிந்து கிடந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும்வரை ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் விளக்கு வைக்கும்வரை இன்னொரு தடவை உடைக்கிறார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பு சொந்தக் காட்டுக் கொட்டை, மரம் போன பிறகு கம்பெனியிலிருந்து மூட்டையாக வருவது. இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் அவர் சும்மா இருக்கிறேன் என்று சொன்னார், அவர் பொய்யும் சொல்லவில்லை. அந்த ஊரில் வேலை என்றால் வாசலைத் தாண்டிப் போய்ச் செய்வது, வீட்டுக்குள் உட்கார்ந்து செய்வது எதுவும் அந்தச் சொல்லுக்குள் வராது. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

அதற்கப்புறம் நாங்கள் கேள்வியை மாற்றினோம். "நேத்து எழுந்ததுலேர்ந்து படுக்குற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க, வரிசையா சொல்லுங்க" என்று கேட்டோம். அப்படிக் கேட்டதும் அந்தத் தெருவில் இல்லத்தரசி என்று நாங்கள் எழுதியிருந்த பெண்களில் முந்திரி உடைக்காதவர் யாரும் இல்லை என்று தெரிந்தது. 2019இல் நாடு முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இதே மாதிரி முந்தைய 24 மணி நேரத்தைத்தான் கேட்டது. அதைப் பற்றிப் பின்னால் படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை, அந்தத் தாழ்வாரத்தில் ஏற்கெனவே கற்றதுதான். கூகுள் படிவத்தில் அந்த அம்மா என்ன பதில் போட்டிருப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். முதலில், படிவம் அவரிடம் போயிருக்காது. போயிருந்தாலும் 'வேலையில் இல்லை' என்ற கட்டத்தைத்தான் தொட்டிருப்பார், எதிரில் உட்கார்ந்து கையைப் பார்க்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு வீட்டில் "வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டதற்குப் பாட்டி என்னையே திருப்பிக் கேட்டார்: "ஆள் கணக்கு கேக்குறியா, அடுப்புக் கணக்கு கேக்குறியா?" ஒரே வாசல், ஒரே கதவு எண், ஒரே ரேஷன் கார்டு. உள்ளே இரண்டு அடுப்பு. மகன் குடும்பம் ஒரு பக்கம், பாட்டியும் தாத்தாவும் ஒரு பக்கம். சண்டை எல்லாம் இல்லை, பேரப்பிள்ளை இரண்டு பக்கமும் சாப்பிடும், ஆனால் உலை தனி, செலவு தனி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் குடும்பம் என்றால் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் என்றுதான் வரையறை இருக்கிறது. அதை நான் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன், ஆனாலும் பாட்டி கேட்கும்வரை அது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரே குடும்பம் என்று எழுதியிருந்தால் சம்பாதிக்கிற மகன் நிழலில் இருக்கும் முதியவர்கள் என்று கணக்கில் ஏறியிருப்பார்கள். உண்மையில் அந்த இரண்டு பேரும் ரேஷன் அரிசியிலும் 1000 ரூபாய் முதியோர் உதவித்தொகையிலும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் தப்பாக நிரப்பினால் அவர்களுடைய வறுமையே தாளிலிருந்து காணாமல் போய்விடும்.

உறவுமுறை வரைபடமும் அப்படித்தான் கைக்கு வந்தது. முக்கோணம் ஆண், வட்டம் பெண், இரட்டைக் கோடு கல்யாணம் என்று பலகையில் போட்டதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஊரில் ஒருவர் எனக்கு ஏழு அண்ணன் என்றார், நானும் ஏழு முக்கோணம் போட்டேன். விசாரித்தால் உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர், மீதிப் பேர் பெரியப்பா மகன்கள், பெரியம்மா மகன்கள். ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் டோரஸ் நீரிணைத் தீவுகளில் வம்சாவளி சேகரிக்கும் முறையை உருவாக்கி, 1901-02இல் நீலகிரியில் தோடர்களிடமும் அதையே பயன்படுத்தினார். அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற சில சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, பெற்றவர் யார், பிறந்தவர் யார் என்றே கேட்டுக்கொண்டு போனார். அது ஏன் என்று எனக்கு அந்த ஏழு அண்ணன் வீட்டுத் திண்ணையில்தான் விளங்கியது. தமிழில் அண்ணன் என்ற சொல் எவ்வளவு பேரை உள்ளே வைத்திருக்கிறது என்பதை நாம் தினமும் பேசுகிறோம், ஆனால் கேள்வியாக மாற்றும்போது மறந்துவிடுகிறோம்.

இனி சொல்வது நான் செய்த பெரிய தவறு. முதல் வாரம் ஊரின் வரைபடம் போடச் சொன்னார்கள். கோயில், குளம், ரேஷன் கடை, தெருக்கள் எல்லாம் போட்டு அழகாக வண்ணமும் தீட்டிக் கொடுத்தேன். மேடம் பார்த்துவிட்டு, "காலனி எங்கே?" என்றார். தாளில் கிழக்குப் பக்கம் வெறுமையாக இருந்தது. சமுதாயக் கூடம் ஊர்ப் பக்கம் இருந்தது, நாங்களும் ஒரு வாரமாக ஊர்ப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலனிக்குப் போனபோது ஒரு அக்கா, "வந்து எட்டு நாளாச்சு, இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை. அந்த மனவருத்தம் இன்றுவரை போகவில்லை, போகவும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றி எழுதிய ஊரில் அக்ரகாரத்தில் தங்கித்தான் ஆய்வு செய்தார். அங்கே தங்கியதால் அந்தப் பக்கத்து ஆளாகவே தன்னைப் பார்த்தார்கள், ஆதிதிராவிடர் தெருவில் பழகுவதில் தனக்கு எல்லை விழுந்தது என்பதை அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். எங்கே தங்குகிறோமோ அது நம் ஆய்வைத் தீர்மானிக்கிறது என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த வரியை நான் அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன், படித்திருந்தும் கிழக்குப் பக்கத்தை வெறுமையாக விட்டேன். அந்த அக்காவின் கேள்வி இல்லாமல் எந்தப் படிவத்தாலும் அதை எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

இது உங்களுக்குப் புதிய விஷயமும் இல்லை. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் சேகரிக்கச் சொன்னார். அது 1918இல் புத்தகமாக வந்தது. அதில் வரும் இருவேல்பட்டு, நாங்கள் தங்கிய ஊரிலிருந்து தூரம் இல்லை, இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1930களில் பொருளியலாளர்கள் தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள், அதற்கப்புறமும் ஆய்வாளர்கள் இருவேல்பட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். நூறு வருடத்தில் ஒரு ஊரில் நிலம், கூலி, கடன், சாதி எப்படி மாறியது என்று இன்று நாம் பேச முடிகிறது என்றால், அதற்கு ஆரம்பம் பஸ் வசதிகூட இல்லாத காலத்தில் நோட்டுப் புத்தகத்தோடு போன மாணவர்கள்தான். அந்த வழக்கத்தை இப்போது நாமே நிறுத்தப் போகிறோமா?

இப்போது என் வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் முடிவின் விளைவு என் மேசைக்குத்தான் வந்து சேரும். களப்பணியை ஏற்கெனவே கைவிட்ட ஒரு நிறுவனத்தில் முதுகலை முடித்த தம்பி ஒருவர் போன வருடம் எங்களிடம் வேலைக்கு வந்தார். கிராமப்புறப் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதியிருந்தார், 100க்கு மேல் பதில்கள், வண்ண வண்ணமாக வட்ட விளக்கப்படங்கள். பதில் சொன்னவர்கள் யார் என்று கேட்டேன். வகுப்புக் குழுவில் இணைப்பைப் போட்டாராம், நண்பர்கள் அவரவர் குழுக்களில் போட்டார்களாம். பெரும்பாலும் கல்லூரி மாணவிகள். பதில் சொன்னவர்களில் எத்தனை பேர் கிராமத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, நல்ல பையன், உழைப்பாளி. அவருக்கு வழிகாட்டி கையெழுத்துப் போட்டிருக்கிறார், துறை மதிப்பெண் கொடுத்திருக்கிறது. கூறெடுப்பு, அதாவது யாரிடம் கேட்பது என்று ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை, என்றால் என்ன என்று கேட்டால் அதன் வகைகளையெல்லாம் ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறார்.

இன்னொரு பெண், தங்கமான பிள்ளை, முதல் நாள் களத்தில் குடும்ப வன்முறை பற்றிய பகுதியை 12 நிமிடத்தில் முடித்துவிட்டு, "முடிச்சிட்டேன் அக்கா" என்று சந்தோஷமாக வெளியே வந்தாள். நான் எதிர்த் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமியார் நிலைப்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அந்த மருமகள் எல்லாக் கேள்விக்கும் முறத்தைப் பார்த்துக்கொண்டே இல்லை, இல்லை, இல்லை என்று சொன்னாள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தப் பகுதியை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும், தனிமையில்தான் கேட்க வேண்டும், தனிமை கிடைக்காவிட்டால் கேட்காமலே விட்டுவிட வேண்டும். பதில் பொய்யாக வரும் என்பது மட்டும் காரணம் இல்லை, நாம் கிளம்பிப் போன பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதும் காரணம். நான் அந்தத் தாளை ரத்து செய்தேன். அடுத்த வீடுகளில் ஒருவர் மாமியாரிடம் விவசாயம், கால்நடை பற்றி நீளமாகக் கேட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போவது, இன்னொருவர் மருமகளோடு உள்ளே உட்காருவது என்று ஜோடி ஜோடியாகப் பழக்கினேன். இரண்டு நாளில் அந்தப் பெண் நன்றாகவே செய்தாள். இதைப் படிக்கும் காலத்திலேயே ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்திருந்தால், முதல் நாள் அந்த மருமகளை அந்த நிலைமையில் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். சாதிப் பெயரை ஒரு வீட்டு வாசலில் எப்படிக் கேட்பது, சொல்லத் தயங்குகிறவரிடம் எப்படி நடந்துகொள்வது, ஒரே சாதிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும்போது எதை எழுதுவது என்றெல்லாம் தெரிந்தவர்கள் நாட்டுக்குத் தேவைப்படும் நேரத்தில்தான் நீங்கள் களப்பணியை எடுக்கிறீர்கள்.

உங்கள் மூன்று காரணங்களுக்கு வருகிறேன். செலவு: சமுதாயக் கூடத்துக்கு ஊராட்சியில் வாடகை வாங்கவில்லை, சமையல் நாங்களே. பெரிய செலவு பேருந்தும் மளிகையும்தான். ஆய்வேட்டுக்கு அட்டை போட்டு மூன்று பிரதி எடுக்க மாணவர்களைச் செலவழிக்க வைக்கிறோமே, ஒரு பிரதியைக் குறைத்துவிட்டு அந்தப் பணத்தைக் களத்துக்குத் திருப்பலாம். நாள் போதாமை: பருவ விடுமுறையோடு சேர்த்து வைத்தால் சரியாகிவிடும், எங்களுக்குப் பொங்கலை ஒட்டி வைத்தார்கள்.

பாதுகாப்பை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் குழுவிலேயே ஒரு தோழிக்கு இருட்டிய பிறகு பைக்கில் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தார்கள். மேடம் அன்றைக்கே ஊராட்சித் தலைவரைப் பார்த்துப் பேசினார், அதற்கப்புறம் யாரும் தனியாகப் போவதில்லை, விளக்கு வைத்தபின் கூடத்தை விட்டு வெளியே போவதில்லை என்று வைத்துக்கொண்டோம், மகளிர் குழு அக்காக்கள் முறை வைத்து வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். மாணவிகளைப் பாதுகாப்பது என்றால் அதற்கு இப்படி ஏற்பாடு செய்வதுதான். களத்தையே எடுத்துவிட்டால், படித்து முடித்து வேலைக்கென்று ஒரு நாள் தனியாகக் களத்துக்குப் போகும்போது அந்தப் பெண் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போவாள். அப்போது பக்கத்தில் மேடமும் இருக்க மாட்டார், தோழிகளும் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய முறை குறையில்லாமல் இருந்தது என்று நான் சொல்லவில்லை. தானேக்குப் பிறகு அந்த ஊருக்கு எத்தனையோ பேர் படிவத்தோடு வந்து போயிருந்தார்கள். "எழுதிக்கிட்டுப் போறீங்க, அப்புறம் ஆளையே காணோம்" என்று எங்களிடமும் சொன்னார்கள். நாங்களும் அதையேதான் செய்தோம். அறிக்கை ஆங்கிலத்தில், நூலகத்தில், அட்டை போட்டுத் தூங்குகிறது. முந்திரி உடைக்கும் கூலியைப் பற்றி 40 பக்கம் இருக்கிறது, கூலி வாங்குகிறவர்கள் ஒரு பக்கம்கூடப் பார்த்ததில்லை. மாற்ற வேண்டும் என்றால் இதை மாற்றுங்கள்.

எனவே நான் கேட்பது இவைதான். கல்விக் குழுவுக்கு இந்தத் தீர்மானம் போவதற்கு முன் அதை நிறுத்தி வையுங்கள், 30 நாள் தங்கலைக் கட்டாயமாகவே வைத்திருங்கள். உடல்நிலை, கைக்குழந்தை, வேலை என்று தங்க முடியாதவர்களுக்கு அவரவர் வீட்டுக்கு அருகிலேயே ஒரு மீன் சந்தை, ஒரு தையல் கூடம், ஒரு பேருந்து நிலையம் என்று ஒரு இடத்தைக் கொடுத்து 30 நாள் போய்வரச் சொல்லுங்கள், கூகுள் படிவம் அதற்கு மாற்றாக இருக்க வேண்டாம். ஒவ்வொரு குழுவோடும் ஓர் ஆசிரியர், மாணவிகள் இருந்தால் ஒரு பெண் ஆசிரியர், முழு நாளும் தங்க வேண்டும், அதைப் பணி நேரமாகக் கணக்கில் எடுத்து அவர்களுக்கு ஈடு விடுப்பு கொடுங்கள். ராத்திரிக் குறிப்பு வாசிப்பைக் கட்டாயமாக்கி, களக்குறிப்பேட்டுக்கு இறுதி அறிக்கையைவிடக் குறையாத மதிப்பெண் வையுங்கள். களத்துக்குப் போகும் முன் சம்மதம் கேட்கும் முறையைத் தமிழில், வாய்மொழியாக, மாணவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகட்டும். ஆய்வு முடிந்ததும் தமிழில் இரண்டு மூன்று பக்கச் சுருக்கம் எழுதி அந்த ஊரின் கிராம சபையில் வாசிக்க வேண்டும் என்று விதியாகவே சேருங்கள். மே 1 கிராம சபை அதற்குச் சரியாக அமையும்.

இதைப் பேச எங்களை ஒரு நாள் அழையுங்கள். களத்தில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் 6 பேர் வரத் தயாராக இருக்கிறோம், எங்கள் சொந்தச் செலவில் வருகிறோம், எங்கள் களக்குறிப்பேடுகளையும் கொண்டு வருகிறோம். அடுத்த கல்விக் குழுக் கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பாக எழுத்தில் பதில் தாருங்கள். முதல் முறை தங்கப் போகும் குழுவுக்கு ஆசிரியர் போதவில்லை என்றால் நான் என் விடுப்பில் 30 நாளும் வந்து கூடவே தங்குகிறேன், அதற்கு எனக்குச் சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
2013இல் பண்ருட்டிக்குப் போன 14 பேரில் ஒருத்தி